பிரின்டர் கேபிள் பண்டிதர் ஆவது எப்படி?

செலவில்லாமல் பண்டிதர் பட்டம் வாங்கக்கூடிய துறைகள் இப்போது அருகிவிட்டன. ராகம் கண்டுபிடிக்க சபா முழுக்க ஆள் இருக்கிறது. கிரிக்கெட்டுக்கு ஆளுக்கொரு யூடியூப் சேனல். போட்டியே இல்லாமல் மைதானம் காலியாகக் கிடக்கும் துறை ஒன்றுண்டு: பழைய கம்ப்யூட்டர் பிரின்டர்களின் கேபிள் முனைகளுக்குச் சரியான பெயர் சொல்வது. முதலீடு சொற்பம். பரணில் தூங்கும் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், ஒரு டார்ச் லைட், எதிராளி பேசி முடிக்கும் முன்பே "அது அப்படியில்லை" என்று தொடங்கும் துணிவு. இவ்வளவு போதும்.

கீழ்க்கண்ட படிகளை வரிசையாகப் பின்பற்றினால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நீங்களும் பண்டிதர். நண்பர்கள் எண்ணிக்கை குறைந்தால் அதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

படி 1: எண்ணுவதற்கு முன் எதை எண்ணுகிறீர்கள் என்று கேளுங்கள்

இந்தத் துறையில் எல்லாமே எண்ணிக்கையில்தான் தொடங்கும். ஆனால் "9-பின் பிரின்டர்" என்று ஒருவர் சொன்னதும் கேபிளில் ஒன்பதைத் தேடிக்கொண்டு ஓடக்கூடாது. அந்த ஒன்பது, அச்சுத் தலையில் மேலிருந்து கீழாக நிற்கும் ஊசிகளின் எண்ணிக்கை. ரிப்பன் மீது அவை குத்திக் குத்தித்தான் எழுத்து உருவாகிறது. எப்சனின் புகழ்பெற்ற எம்எக்ஸ்-80 ஒன்பது ஊசிக்காரர். பிறகு வந்த எல்க்யூ வரிசைக்கு 24 ஊசி. எழுத்தின் ஓரம் அவ்வளவு கரடுமுரடாக இருக்காது.

ஆக, ஒரு 9-பின் பிரின்டரைக் கணினியில் கோர்க்கும் கேபிளின் ஒரு முனையில் 25, மறுமுனையில் 36. மூன்று எண்களும் சரி, மூன்றும் வெவ்வேறு. யாராவது "எத்தனை பின்?" என்று கேட்டால் உடனே விடை சொல்லாதீர்கள். "எந்தப் பின்?" என்று திருப்பிக் கேளுங்கள். பண்டிதத்தனத்தின் முதல் படி இதுதான்.

கூடுதல் மதிப்பெண் வேண்டுமா? அந்த 36-பின் முனையை டார்ச் அடித்துப் பாருங்கள். அதில் பின்னே கிடையாது. நடுவில் ஒரு நாக்கு, அதன் இரு பக்கமும் பக்கத்துக்குப் பதினெட்டாகத் தட்டையான உலோகப் பட்டைகள். "36-பின்னா? ஒரு பின்கூட இல்லையே" என்று சொல்லிவிட்டு அமைதியாக நில்லுங்கள். எதிராளி சற்றுத் தடுமாறுவார்.

படி 2: சென்ட்ரானிக்ஸ் என்று சொல்பவரை மடக்குங்கள்

அந்த அகலமான முனையை உலகமே சென்ட்ரானிக்ஸ் கனெக்டர் என்கிறது. இரு பக்கமும் கம்பிக் கொக்கி மாட்டி இறுக்குவோமே, அதுதான். நீங்கள் விடக்கூடாது. "அதைச் செய்தது சென்ட்ரானிக்ஸ் இல்லை, ஆம்ஃபினால். அதன் பெயர் மைக்ரோ ரிப்பன்" என்று ஆரம்பியுங்கள். தொடர்ந்து கதையைச் சொல்லுங்கள். கதை நன்றாகவே இருக்கும்.

அமெரிக்காவில் ஆன் வாங் என்பவர் நடத்திய வாங் லேபரட்டரீஸ் கால்குலேட்டர் செய்துகொண்டிருந்தது. அதன் ஒரு பிரிவாக, ராபர்ட் ஹோவர்டின் தலைமையில் பிறந்தது சென்ட்ரானிக்ஸ். முதலில் அவர்கள் கண் வைத்தது அலுவலகங்கள் மீதல்ல, சூதாட்ட விடுதிகள் மீது. சூதாட்டக் கணக்குக்கான முனையங்களும் அவற்றுக்கு ரசீது அடிக்கும் கருவியும்தான் தொழில். அந்த ரசீதுக் கருவி வளர்ந்து, 1970-இல் மாடல் 101 என்ற பிரின்டராக வெளிவந்தது. நொடிக்கு 165 எழுத்து. எடை 155 பவுண்டு, அதாவது 70 கிலோ. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மட்டும்தான் அடிக்கும். சின்ன எழுத்து கிடையாது. மரப்பெட்டியில் வந்து இறங்கும்; பெட்டியைத் திறக்க 36 திருகாணி கழற்ற வேண்டும். கனெக்டரிலும் 36, பெட்டியிலும் 36. இதில் சதி ஏதுமில்லை என்றாலும், இருப்பதுபோல் புருவத்தை உயர்த்திச் சொல்லலாம்.

இப்போது முக்கியக் கட்டம். அந்தப் பிரின்டருக்கு ஏன் இந்தக் கனெக்டர்? தொலைநோக்கு, ஆராய்ச்சி, நிபுணர் குழு எதுவும் காரணமில்லை. வாங் கிடங்கில், பழைய கால்குலேட்டர் ஒன்றுக்காக வாங்கிய 36 தொடுமுனைக் கனெக்டர்கள் 20,000 மிஞ்சிக் கிடந்தன. கிடந்ததை எடுத்து மாட்டினார்கள். அது ஓடியது. மற்ற கம்பெனிகள் அதைப் பார்த்துத் தங்கள் பிரின்டரிலும் வைத்தன. ஒரு கிடங்கின் மிச்சச் சரக்கு உலகத்தின் வழக்கமாகிவிட்டது. 1971-இல் வாங்கிடமிருந்து பிரிந்து, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹட்சனில் தனிக் கம்பெனியாக நின்ற சென்ட்ரானிக்ஸின் பெயர், அவர்கள் செய்யாத ஒரு பொருளின் மேல் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. எந்த மெஷினில் நகல் எடுத்தாலும் நம் ஊரில் அது ஜெராக்ஸ்தானே, அந்த மாதிரி.

கதைக்கு ஒரு வாலும் உண்டு. 1987-இல் சென்ட்ரானிக்ஸ் தன் பிரின்டர் வியாபாரத்தை ஜெனிகாம் என்ற கம்பெனிக்கு விற்றது. கையில் வந்த பணத்தோடு எக்கோ என்ற சமையல் பாத்திரக் கம்பெனியை வாங்கி, தன் பெயரையும் எக்கோ என்று மாற்றிக்கொண்டது. கேக் தட்டும் கரண்டியும் விற்கப் போனவர்களின் பெயரைத்தான் நாம் இன்னும் பிரின்டரின் முதுகில் படிக்கிறோம்.

படி 3: "டிபி-9" என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து நில்லுங்கள்

கேபிளின் மறுமுனைக்கு வருவோம். இரு வரிசைகளில் 13-ம் 12-மாக 25 ஊசி. உலோக ஓரம் ஆங்கில 'டி' எழுத்து வடிவில் இருப்பதால் தலைகீழாகச் செருக முடியாது. இதற்கு டிபி-25 என்று பெயர். சரியான பெயர்தான். சரியாக இருப்பதில் உங்களுக்கு என்ன லாபம்? பக்கத்தில் இருக்கும் ஒன்பது ஊசிக் கனெக்டரைக் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "டிபி-9" என்பார்கள். மாட்டினார்கள்.

1952-இல் கேனன் எலெக்ட்ரிக் இந்தக் கனெக்டர் குடும்பத்தை அறிமுகப்படுத்தியது. இவர்கள் அமெரிக்கக் கேனன். கேமராவும் பிரின்டரும் விற்கும் ஜப்பானியக் கேனன் வேறு. (தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலவே நிற்பதால், இந்த இடத்தில் பண்டிதர்கள் தொண்டையைச் செருமிக்கொள்வது வழக்கம்.) பெயரில் முதல் எழுத்து 'டி', ஓரத்தின் வடிவம். இரண்டாம் எழுத்து, ஓட்டின் அளவு. பிறகு வருவது எண்ணிக்கை. ஏ என்றால் 15, பி என்றால் 25, சி என்றால் 37, டி என்றால் 50, இ என்றால் 9. ஆகவே ஒன்பது ஊசிக்காரரின் உண்மைப் பெயர் டிஇ-9. 'டிபி-9' என்பது 25 ஊசிக்கான ஓட்டில் ஒன்பதை மட்டும் வைத்த, எவரும் பார்த்திராத ஒரு பிராணி.

எழுத்து வரிசையைக் கவனித்தீர்களா? எல்லாவற்றிலும் சிறியது கடைசி எழுத்தான இ. ஐம்பது பின் கொண்ட டி, 37 கொண்ட சி-யைவிட அகலம் குறைவு; ஏனென்றால் டி-யில் மூன்று வரிசை. இதில் ஒழுங்கு தேடுபவர்கள் வேறு துறைக்குப் போகலாம். இந்தக் குடும்பத்துக்கே 'சப்மினியேச்சர்' என்று பெயர், அதாவது சிறியதிலும் சிறியது. 1952-இல் அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

தவறு எப்படிப் பரவியது என்பதும் பண்டிதர் அறிய வேண்டியது. முதல் ஐபிஎம் பிசி வந்த 1981-இல் மக்கள் பரவலாகக் கண்டது டிபி-25. 'டிபி' என்றாலே இந்த வகைக் கனெக்டர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1984-இல் ஐபிஎம் பிசி ஏடி, சீரியல் போர்ட்டை ஒன்பது ஊசியாகச் சுருக்கியபோது, பழைய பெயரில் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். இதைவிடச் சங்கடம் 19 ஊசிக்காரர். ஆப்பிளின் வெளி ஃபிளாப்பி டிரைவ், அட்டாரி எஸ்டியின் ஹார்ட் டிஸ்க், ஏன், அட்டாரியின் லேசர் பிரின்டரே இந்த 19-இல்தான் கோர்த்தது. கேனனின் ஐந்தெழுத்தில் அதற்கு இடமே இல்லை. எல்லோரும் டிபி-19 என்கிறார்கள். இங்கே திருத்துவதற்குச் சரியான பெயர் உங்களிடமும் கிடையாது. பேச்சை மாற்றிவிடுங்கள்.

படி 4: ஆணா பெண்ணா என்று பாருங்கள், இதில் விளையாட்டு வேண்டாம்

இதுவரை தவறான பெயர் சொன்னதால் யாருக்கும் நஷ்டம் வரவில்லை. இந்தப் படியில் வரும்.

கணினியின் முதுகில் 25 துளை உள்ள பெண் போர்ட் இருந்தால் அது பிரின்டருக்கான பேரலல் போர்ட். அதே வடிவில் 25 ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் ஆண் போர்ட் என்றால் அது ஆர்எஸ்-232 சீரியல் போர்ட். ஐபிஎம் வைத்த வழக்கம் இது. பேரலலில் 5 வோல்ட் கணக்கு. எட்டுக் கம்பிகளில் ஓர் எழுத்தின் எட்டு பிட்டும் ஒரே நேரத்தில் போகும். முதல் பின்னில் 'ஸ்ட்ரோப்' என்ற சைகை தட்டினால் பிரின்டர் அதை எடுத்துக்கொள்ளும். பதினோராவது பின்னில் 'பிஸி' என்று சொன்னால் கணினி காத்திருக்கும். சீரியலில் பிட்டுகள் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அங்கே மின்னழுத்தம் பிளஸ் 12-க்கும் மைனஸ் 12-க்கும் இடையே துள்ளும். ஐந்து வோல்ட்டில் வாழ்ந்து பழகிய சில்லுக்கு மைனஸ் 12 வந்து சேர்வது நல்ல செய்தியல்ல.

"ஆண் ஊசியும் பெண் துளையும் பார்த்தாலே போதுமே" என்று நினைத்தால் 1986-இன் மேக்கின்டாஷ் பிளஸ் சிரிக்கும். அதன் முதுகிலும் 25 துளைப் பெண் போர்ட் உண்டு. அது பிரின்டருக்கானதல்ல, ஹார்ட் டிஸ்க்குக்கான ஸ்கஸி. மேக்கின் பிரின்டர் கோர்ப்பது எட்டு ஊசி வட்டக் கனெக்டரில், மினி-டின் என்று பெயர். இன்னொரு பக்கம், ஹெச்பியின் முதல் லேசர்ஜெட் 1984-இல் வந்தபோது அதில் இருந்தது சீரியல் போர்ட். பேரலல் அடுத்த மாடலில்தான் வந்தது. ஆகவே 25 துளை என்பது பேரலலாகவும் இருக்கலாம், ஸ்கஸியாகவும் இருக்கலாம், பிரின்டரின் முதுகில் சீரியலாகவும் இருக்கலாம். கேபிள் அழகாகப் பொருந்தும், திருகாணியும் இறுகும். புகை வந்த பிறகு பெயர் சொல்லிப் பயனில்லை.

பொருந்தாத இடத்தில் 'ஜெண்டர் சேஞ்சர்' என்ற சின்னத் துண்டைப் போட்டுப் பொருத்தும் மகானுபாவர்களும் உண்டு. அவர்களிடம் பண்டிதர் விவாதிக்கக்கூடாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வர வேண்டும்.

படி 5: ஐஇஇஇ என்று மூச்சை இழுத்துச் சொல்லுங்கள்

ஊரார் வைத்த பெயர்களையெல்லாம் ஒழுங்குபடுத்த, 1994-இல் ஐஇஇஇ 1284 என்ற தரநிலை வந்தது. கணினிப் பக்கத்து 25 துளைக்கு 'ஏ வகை', பிரின்டர் பக்கத்து 36 பட்டைக்கு 'பி வகை', அதையே சுருக்கிய புதிய 36-க்கு 'சி வகை' என்று பெயர். வெகு தெளிவு. இனி குழப்பமே இல்லை என்று பெருமூச்சு விட்டார்கள்.

இரண்டே ஆண்டுகளில் யூஎஸ்பி வந்தது. அதிலும் கணினிப் பக்கம் ஏ, பிரின்டர் பக்கம் பி. இன்று எந்தக் கடையில் "பிரின்டருக்கு ஏ-டு-பி கேபிள்" என்று கேட்டாலும் கையில் வருவது யூஎஸ்பி. ஒரு பெயர் எவ்வளவு முறையாக வைக்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் இன்னொன்றுக்குப் போய்விடும் என்பதற்கு ஐஇஇஇ 1284 சாட்சி. அந்தத் தரநிலைக்கு முன்பே ஹெச்பி, இருவழிப் பேச்சு நடத்தும் தன் பேரலலுக்கு 'பைட்ரானிக்ஸ்' என்று பெயர் வைத்தது. சென்ட்ரானிக்ஸின் வால் அதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள்.

படி 6: அயல்நாட்டு வழக்குகளையும் தொட்டுவிடுங்கள்

பண்டிதர் என்றால் பிறமொழிப் புலமை வேண்டும். ஜப்பானில் புழங்கிய எம்எஸ்எக்ஸ் கணினிகளின் பிரின்டர் போர்ட், இதே மைக்ரோ ரிப்பனின் 14 முனைத் தம்பி. இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோவில் 26. அதே நாட்டு ஆம்ஸ்ட்ராட் சிபிசியில், மற்ற எல்லோரும் எட்டு பிட் அனுப்பும்போது ஏழுதான் அனுப்பினார்கள். கமடோர் 64-இன் பிரின்டர், ஆடியோ வயர் போன்ற ஆறு ஊசி வட்டக் கனெக்டரில் கோர்த்தது. இவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, யாரும் கேள்வி கேட்கும் முன் காபி குடிக்கப் போய்விடுங்கள்.

படி 7: களத்தேர்வு

சென்னை ரிச்சி தெருவுக்குப் போங்கள். கார்பன் வைத்து இரண்டு மூன்று நகல் அடிக்க வேண்டிய கடைகள் இன்னும் இருப்பதால், டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரும் அதன் உதிரிகளும் முற்றாக மறைந்துவிடவில்லை. கவுன்டரில் கையை ஊன்றி, படித்ததையெல்லாம் திரட்டிச் சொல்லுங்கள்.

"தம்பி, ஐஇஇஇ 1284 ஏ வகை ஆண் முனையிலிருந்து, பி வகை மைக்ரோ ரிப்பன் முனை வரை, இரண்டு மீட்டரில் ஒன்று வேண்டும்."

"அதெல்லாம் வர்றதில்ல சார்."

"டிபி-25-இலிருந்து ஆம்ஃபினால் 36?"

"ஆம்ஃபினாலா? மருந்துக் கடை அந்தப் பக்கம் சார்."

"சென்ட்ரானிக்ஸ்?"

"ஓ, எல்பிடி கேபிளா! பழைய பிரின்டருக்கா? முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று ஒரு பெட்டிக்குள் கையை விட்டு எடுத்துத் தருவார். அவர் சொன்ன எல்பிடி, கனெக்டரின் பெயரே அல்ல. டாஸ் காலத்தில் மென்பொருள் அந்தப் போர்ட்டுக்கு வைத்த பெயர். திருத்த வாய் துறுதுறுக்கும். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். பணத்தைக் கொடுங்கள்.

ஐயமும் தெளிவும்

எல்பிடியும் டாஸும் செத்துப்போன சமாச்சாரங்கள்தானே?

உங்கள் விண்டோஸ் கணினியில் பி, ஆர், என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை மட்டும் பெயராக வைத்து ஒரு ஃபோல்டர் உருவாக்கிப் பாருங்கள். முடியாது. டாஸில் பிரின்டருக்கு ஒதுக்கிய பெயர் அது, எல்பிடி1-உம் அப்படியே. பிரின்டரே இல்லாத லேப்டாப்பிலும் அந்த இருக்கை இன்றுவரை காலியாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

லினக்ஸில் "பிரின்டர் தீப்பற்றி எரிகிறது" என்று வருகிறதே, தண்ணீர் ஊற்றலாமா?

வேண்டாம். பேரலல் கேபிளில் 'தாள் இல்லை' என்று சொல்ல ஒரு கம்பி, 'தயார்' என்று சொல்ல ஒரு கம்பி, 'ஏதோ கோளாறு' என்று சொல்ல ஒரு கம்பி தனித்தனியே உண்டு. தாளும் இருக்கிறது, பிரின்டரும் தயார், ஆனால் கோளாறு என்று செய்தி வந்தால், என்ன கோளாறு என்று சொல்ல அந்தக் கேபிளில் வழியில்லை. புரோகிராம் எழுதியவர் ஒரு நகைச்சுவைக்கு அப்படி எழுதிவைத்தார். முதலில் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ரிப்பன் மாற்ற வேண்டும் என்கிறார்கள். எந்த ரிப்பன்?

நல்ல கேள்வி. மை ரிப்பனா, தட்டையான ரிப்பன் கேபிளா, மைக்ரோ ரிப்பன் கனெக்டரா என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் மை ரிப்பன்தான். பரணில் காய்ந்து போயிருக்கும்.

பட்டம் வாங்கியாயிற்று. அடுத்தவரைத் திருத்தும் உரிமை எப்போது வரும்?

அவர் பேரலல் பிரின்டரின் கேபிளை மேக்கின் ஸ்கஸியிலோ, யாருடைய சீரியல் போர்ட்டிலோ செருகப் போகும்போது. அப்போது கத்திச் சொல்லலாம், கையைப் பிடித்தும் இழுக்கலாம். பெயர் தெரிந்துகொண்டதன் பலன் அதுதான். மற்ற நேரங்களில் "அந்த டிபி-9 கேபிளை எடு" என்று யாராவது சொன்னால், ஒன்பதை எண்ணிப் பார்த்து எடுத்துக் கொடுங்கள்.